மூடுவதென்று முடிவான ஒரு காலேஜின் கதை

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற மாதம் காரியதரிசி என்னிடம், "சார், இந்தத் தடவை நீங்கள்தான் பேச வேண்டும். தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் மற்றவர்கள் கணக்கைத் தணிக்கை செய்து கழித்தவன் நான். படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இரண்டிலும் சபைக்கு ஏற்ற விஷயம் அதிகம் இல்லை. ஆகவே கணக்கும் படிப்பும் ஒன்றாகச் சேர்கிற ஒரு கதையை எடுத்துக்கொண்டேன். நடந்த கதை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்வீட் பிரையர் காலேஜ் என்று ஒரு சிறிய பெண்கள் கல்லூரி இருக்கிறது. அதை மூடுவதென்று 2015-ல் அதன் நிர்வாகமே தீர்மானம் போட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் பெண் வர்ஜீனியாவில் இருக்கிறாள். 2019-ல் நாங்கள் போயிருந்தபோது, பேத்திக்கு எந்த மாதிரிக் காலேஜ் சரிப்படும் என்ற பேச்சு வீட்டில் தினமும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை 29-ஆம் நம்பர் நெடுஞ்சாலை வழியாக அழைத்துப் போய் இந்த இடத்தைக் காட்டினார். தூரத்தில் ப்ளூ ரிட்ஜ் மலை. சிவப்புச் செங்கல் கட்டடங்கள். மேய்கிற குதிரைகள். மொத்தம் 3,250 ஏக்கர் என்றார். என் சம்சாரம், "இவ்வளவு நிலம் இருக்கிறவா ஏன் கஷ்டப்பட்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் பி.ஏ. படிக்கிற இடம் என்று நினைப்போம். அங்கே அப்படி இல்லை. பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும் இருக்கும். சில நூறு முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். பிஸிக்ஸ் எடுத்தவனும் சங்கீதமோ சரித்திரமோ சிறிது படித்தாக வேண்டும். வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். வாத்தியாருக்கு எல்லார் பெயரும் தெரியும். நான் படித்தபோது எங்கள் வகுப்பில் அறுபது பேர். புரொபசருக்கு என் ரோல் நம்பர்தான் தெரியும். ஸ்வீட் பிரையரில் எஞ்சினியரிங் படிப்பும் உண்டு. அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளில் முறையான அங்கீகாரம் பெற்ற எஞ்சினியரிங் படிப்பு அங்கும் ஸ்மித் காலேஜிலும்தான் இருந்தது.

இந்தக் காலேஜ் ஒரு தாயாரின் துக்கத்தில் பிறந்தது. இண்டியானா ஃப்ளெட்சர் வில்லியம்ஸ் என்ற அம்மாளின் ஒரே பெண் டெய்ஸி, 1884-ல் பதினாறு வயதில் காலமானாள். அந்த அம்மாள் 1900-ல் காலமானபோது, பெண்ணின் நினைவாக ஒரு பள்ளியோ கல்லூரியோ நிறுவும்படி தன் நிலம் முழுவதையும் உயில் எழுதி வைத்திருந்தார். 1901-ல் ஸ்தாபனம் ஏற்பட்டு, 1906-ல் 51 மாணவிகளுடன் வகுப்புகள் ஆரம்பித்தன. இன்றைக்கும் ஸ்தாபகர் தினத்தன்று மாணவிகள் ஊர்வலமாகக் குன்றின் மேல் ஏறி, அந்தப் பெண்ணின் சமாதியில் டெய்ஸிப் பூ வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நிலம் அடிமைகளை வைத்து விவசாயம் செய்த பண்ணை. உயிலிலும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு என்றே எழுதியிருந்தது. 1960-களில் காலேஜே கோர்ட்டுக்குப் போய் அந்த நிபந்தனையை எடுக்கக் கேட்டது. 1966-ல் முதல் கறுப்பின மாணவி சேர்ந்தார். உயில் என்பது கல்வெட்டு அல்ல, கோர்ட் மூலம் மாற்றலாம் என்று இவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இனி 2015-க்கு வருகிறேன். 2014-ல் பழைய தலைவர் விலகினார். அங்கே பிரஸிடெண்ட் என்றால் நம் பிரின்ஸிபாலும் வைஸ் சான்ஸலரும் சேர்ந்த பதவி. இடைக்காலத் தலைவராக ஜேம்ஸ் ஜோன்ஸ் வந்தார். வேறொரு நல்ல காலேஜில் பல வருஷம் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 2015 பிப்ரவரி கடைசியில் நிர்வாகக் குழு கூடி, மூடிவிடுவது என்று தீர்மானித்தது. மார்ச் 3-ஆம் தேதி ஆசிரியர்களையும் மாணவிகளையும் அரங்கத்துக்கு அழைத்து, ஆகஸ்டுடன் காலேஜ் முடிகிறது என்று அறிவித்தார்கள். கடக்க முடியாத பணநெருக்கடி என்பது காரணம். அழுகை, கட்டிப்பிடித்தல் எல்லாம் டெலிவிஷனில் வந்தது. அதுவரை பெரும்பாலான ஆசிரியர்களுக்கே ஒன்றும் தெரியாது.

இப்போது கணக்கு. இங்கே என் தொழில் புத்தியைக் கொஞ்சம் காட்ட அனுமதிக்க வேண்டும். காலேஜிடம் மூலதன நிதி சுமார் 8.4 கோடி டாலர் இருந்தது. கடன் சுமார் 2.5 கோடி. "எட்டுக் கோடி டாலர் வைத்துக்கொண்டு திவால் என்கிறார்களே!" என்று பத்திரிகைகளே ஆச்சரியப்பட்டன. ஆனால் நம் கோயில்களில் கட்டளை என்று ஒன்று உண்டல்லவா? மார்கழி பூஜைக்கு என்று ஒருவர் எழுதி வைத்த கட்டளைப் பணத்தை எடுத்து மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. அதே மாதிரிதான். இந்தப் பேராசிரியர் பதவிக்கு, இந்த உபகாரச் சம்பளத்துக்கு என்று நிபந்தனையோடு கொடுத்த பணம்தான் அந்த நிதியில் பெரும்பகுதி. சம்பளம் போடவும் கூரை ஒழுகுவதைச் சரிபார்க்கவும் எடுக்கக்கூடிய பணம் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட இலாகாக்களை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ஒரு தலைப்பில் லட்சம் தூங்கும். இன்னொரு தலைப்பில் பேனாவுக்கு மை வாங்கப் பணம் இருக்காது.

அடுத்தது ஃபீஸ். விலைச்சீட்டில் பெரிய தொகை போட்டிருப்பார்கள். ஆனால் வருகிற பெண்ணுக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடி வருஷம் பூராவும் நடக்கிற ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் பிரையரில் இந்தத் தள்ளுபடி அறுபது சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. நூறு ரூபாய் என்று எழுதி நாற்பதுக்கும் குறைவாக வாங்கினார்கள். அப்படியும் வளாகத்தில் இருந்தது ஐந்நூற்றுச் சொச்சம் மாணவிகள்தான். 1960-களில் அமெரிக்காவில் சுமார் 230 பெண்கள் கல்லூரிகள் இருந்தன. 2015-ல் ஐம்பதுகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி லிஞ்ச்பர்க் ஊரில் இருந்த மற்றொரு பெண்கள் கல்லூரி 2007-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பெயரையே மாற்றிக்கொண்டது. பழைய மாணவிகள் கேஸ் போட்டுத் தோற்றார்கள். ஆக, நிர்வாகக் குழு சொன்ன புள்ளிவிவரத்தில் நான் தப்பு கண்டுபிடிக்க மாட்டேன். கௌரவமாக இப்போதே மூடினால் பெண்களுக்கு வேறு காலேஜில் இடம் வாங்கித் தரலாம், ஊழியர்களுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பலாம் என்று அவர்கள் வாதித்தார்கள். அதுவும் அசட்டு வாதம் அல்ல. 2024-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கலைப் பல்கலைக்கழகம் ஒரே வாரக் கெடுவில் மூடப்பட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றதைப் பார்த்தவர்கள், ஜோன்ஸ் சொன்னதில் பாதியாவது நியாயம் என்பார்கள்.

என் குறை வேறு. கேட்கவேண்டியவர்களைக் கேட்கவில்லை. "இவ்வளவு பணம் தேவை, இத்தனை மாதத்தில் வராவிட்டால் மூடவேண்டி வரும்" என்று ஒரு கடிதம் பழைய மாணவிகளுக்குப் போயிருக்க வேண்டாமா? நெருக்கடி வெளியே தெரிந்தால் புதிதாக ஒருத்தியும் சேரமாட்டாள் என்று பயந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு வியாதி முற்றிய பிறகு, "ஏண்டா முன்னாலேயே சொல்லவில்லை" என்று பெரியப்பா கேட்பாரே, அந்தக் கோபம்தான் பழைய மாணவிகளுக்கு வந்தது. நிர்வாகக் குழுவில் இருந்தவர்களிலும் பழைய மாணவிகள் உண்டு என்பது கோபத்தை அதிகமாக்கியது.

சில நாட்களுக்குள் 'ஸேவிங் ஸ்வீட் பிரையர்' என்று ஒரு சங்கம் பதிவாயிற்று. வக்கீல்கள், கணக்கர்கள், வீட்டோடு இருக்கிறவர்கள், எண்பது வயதுப் பாட்டிகள் எல்லாரும் சேர்ந்தார்கள். வருஷவாரியாக, ஊர்வாரியாகப் பிரிந்து பணம் திரட்டினார்கள். எப்படி இவ்வளவு வேகம்?

இங்கேதான் என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் காலேஜ்கள் பழைய மாணவர்களுக்கென்று ஒரு பத்திரிகை நடத்துகின்றன. அதன் பின்பக்கங்களில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு காரியதரிசி இருந்து சமாசாரம் எழுதுவார். 1958 செட்டில் இன்னாருக்குக் கொள்ளுப்பேத்தி பிறந்தாள். 1974 செட்டில் இன்னாருக்கு முழங்கால் ஆபரேஷன். இன்னார் கணவர் காலமானார். படிக்கிற வெளியாருக்கு இதைவிட அற்பமான செய்தி கிடையாது. நம் சங்கப் பத்திரிகையில் வரும் சதாபிஷேகம், சீமந்தம், 'வருந்துகிறோம்' பகுதி மாதிரி. கட்டுரைகளைத் தள்ளிவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். அந்த முழங்கால் ஆபரேஷன் செய்தியை ஐம்பது வருஷம் விடாமல் எழுதி வந்ததால்தான், ஆபத்து வந்த அன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது என்பது என் அபிப்பிராயம். பேஸ்புக் உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேஸ்புக்கில் யாரைத் தேடுவது என்று முதலில் தெரியவேண்டுமே!

நான் படித்த காலேஜிலிருந்து ஐம்பது வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. கட்டட நிதி கேட்டு. அதிலும் என் இனிஷியல் தப்பு. பெயரைச் சொல்லமாட்டேன், அந்தக் காலேஜில் படித்த இருவர் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதமும் வரவில்லையாம்.

வழக்குக்கு வருகிறேன். காலேஜ் இருக்கும் ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியின் அரசு வக்கீல் எலன் போயர் என்ற பெண்மணி மார்ச் கடைசியில் கேஸ் போட்டார். காலேஜை நடத்துவதற்கென்று வசூலித்த தர்மப் பணத்தை, மூடுவதற்குச் செலவழிக்கக்கூடாது என்பது வாதத்தில் ஒன்று. மற்றொன்று, இது உயிலால் ஏற்பட்ட டிரஸ்ட், குழு தன் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது என்பது. காலேஜ் தரப்பு, நாங்கள் டிரஸ்ட் அல்ல, பதிவு செய்த கார்ப்பரேஷன், டிரஸ்ட் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றது. கீழ்க்கோர்ட் நன்கொடைப் பணத்தை மூடுகிற செலவுக்கு எடுக்கத் தற்காலிகத் தடை மட்டும் கொடுத்தது. ஜூன் 9-ஆம் தேதி வர்ஜீனியா சுப்ரீம் கோர்ட், கார்ப்பரேஷன் என்ற ஒரே காரணத்துக்காக டிரஸ்ட் சட்டம் பொருந்தவே பொருந்தாது என்று சொல்வது தப்பு என்று கூறி, கேஸைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பியது. நம் சங்கமும் பதிவு பெற்ற சொஸைட்டி. அதற்குள் பெரியவர்கள் எழுதி வைத்த கல்வி நிதி ஒரு டிரஸ்ட் மாதிரி. இந்தத் தீர்ப்பைப் பொருளாளர் ஒரு தடவை வாசித்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

தீர்ப்புக்குப் பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் நடுவில் நின்று சமாதானம் பேசினார். ஜூன் 20-ல் ஒப்பந்தம். பழைய மாணவிகள் சங்கம் 1.2 கோடி டாலர் கொடுக்க வேண்டும். மூலதன நிதியில் 1.6 கோடி டாலர் மேல் இருந்த நிபந்தனையை விடுவிக்க அட்டர்னி ஜெனரல் சம்மதிப்பார். ஜோன்ஸ் விலகுவார், நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை புதியவர்கள் கைக்குப் போகும். ஜூன் 22-ல் நீதிபதி அங்கீகரித்தார். வாக்குப் பணத்தைத் தவணை தவறாமல் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கட்டி முடித்தார்கள். வாக்குக் கொடுப்பது சுலபம், செக் எழுதுவது கஷ்டம் என்று எல்லாப் பொருளாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் தேதியைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

புதிய தலைவராக ஃபிலிப் ஸ்டோன் ஜூலை முதல் வாரத்தில் வந்தார். வக்கீல், வர்ஜீனியாவிலேயே பிரிட்ஜ்வாட்டர் என்ற காலேஜுக்குப் பதினாறு வருஷம் தலைவராக இருந்தவர். குழுவின் தலைமைக்குத் தெரஸா டாம்லின்ஸன் என்ற பழைய மாணவி வந்தார். அப்போது அவர் ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் நகர மேயர். ஆனால் அந்த ஜூலையில் நிலைமையை எண்ணிப் பாருங்கள். பெண்கள் பலர் வேறு காலேஜில் சேர்ந்தாகிவிட்டது. ஆசிரியர்கள் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூடப்போகிற இடம் என்று பராமரிப்பு வேலைகள் எல்லாம் நின்றிருந்தன. பழைய மாணவிகள் தங்கள் செலவில் வந்து தங்கி, பெயிண்ட் அடித்தார்கள், ஜன்னல் துடைத்தார்கள், களை பிடுங்கினார்கள். தான் படித்தபோது இருந்த அறைக்குத் தானே வெள்ளையடிப்பது எப்படி இருக்கும்! அந்த வாரங்களுக்கு ஒரு பெயரும் வைத்து, பின்னும் வருஷா வருஷம் நடத்தினார்கள். ஆகஸ்டில் காலேஜ் திறந்தது. முந்தைய வருஷத்தில் பாதி மாணவிகள்கூட இல்லை. ஆனாலும் திறந்தது.

நிறையப் பேர் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். கணக்குக்காரன் முடிக்க மாட்டான். காப்பாற்றிய பணம் ஒரு வருஷத்துக்குத்தான் வரும். தள்ளுபடி வியாதி அப்படியே இருந்தது. 2017-ல் தலைவராக வந்த மெரடித் வூ அதற்கு மருந்து கொடுத்தார். கொரியாவில் பிறந்தவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டீனாக இருந்தவர். பொய்யான விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டார் என்றே சொல்லலாம். விடுதி, சாப்பாடு சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 50,000 டாலர் என்று இருந்ததை 34,000 ஆக்கினார். பல துறைகளை ஒன்றாகச் சேர்த்தார். எல்லாப் பெண்களும் படிக்கவேண்டிய பொதுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். சில ஆசிரியர் பணியிடங்கள் போயின. மூடக்கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமனதாக ஓட்டுப் போட்ட ஆசிரியர்களில் சிலருக்கே இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சும்மா கிடந்த நிலத்தில் திராட்சைத் தோட்டம், தேனீப் பெட்டிகள், பெரிய கண்ணாடிப் பசுமைக்கூடம் வந்தன. நிலம் இருந்தும் ஏன் கஷ்டம் என்று கேட்ட என் சம்சாரத்துக்கு அதுதான் பதில். ஆனால் தேன் விற்றுச் சம்பளம் போடமுடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

2023-ல் மேரி போப் ஹட்ஸன் தலைவரானார். ஸ்வீட் பிரையரில் படித்த ஒருவர் அதன் தலைவராவது அதுதான் முதல் தடவை; 1983 செட். 2015-க்குப் பிறகு அங்கேயே நன்கொடை, பழைய மாணவியர் தொடர்பு இரண்டையும் கவனித்தவர். பின்பக்கத்துச் செய்தியிலிருந்து முதல் பக்கத்துக்கு வந்தவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அடுத்த வருஷமே தகராறு. யாரைச் சேர்ப்பது என்பதற்கு 2024-ல் குழு ஒரு புது விதி கொண்டுவந்தது. பிறப்பால் பெண்ணாகப் பதிவாகி, பெண்ணாகவே வாழ்கிறவர்களுக்கு மட்டும் இடம். காரணம் கேட்டபோது, 1900-ல் காலமான அம்மாளின் உயிலில் பெண்கள் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் இருந்த அர்த்தம்தான் எங்களைக் கட்டும் என்றார்கள். ஆசிரியர்களும் மாணவிகளும் பலர் எதிர்த்தார்கள். முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். 1960-களில் அதே உயிலை மாற்றக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இவர்கள். 2015-ல் அதே உயிலைக் காட்டிக் காலேஜைக் காப்பாற்றினார்கள். 2024-ல் அதே உயில் அவர்களையே இரண்டாகப் பிரித்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்தத் தடவையும் தகவல் மேலேயிருந்து கடிதமாகத்தான் வந்தது.

மணி ஆகிவிட்டது, காரியதரிசி கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்வரிசையிலிருந்து ஒரு மாமி, "உங்க பேத்தியை அங்கே சேர்த்தேளா?" என்று கேட்கிறார். இல்லை, மாமி. அவள் வேறு ஒரு சின்னக் காலேஜில் படித்தாள். சேருகிறதற்கு முன்னால் நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அந்தக் காலேஜின் மூன்று வருஷத்து ஆடிட் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு என்று. "தாத்தா, யாரும் இதைக் கேட்கிறதில்லை" என்றாள். ஆனால் அனுப்பினாள். கூடவே அவர்கள் பழைய மாணவர் பத்திரிகை ஒன்றையும் அனுப்பினாள். அதில் 1951 செட்டின் சமாசாரம் அரைப் பக்கம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சரி என்று சொன்னேன்.